இரண்டு மில்லிமீட்டருக்குள் ஓர் இயந்திரம்

பிளாட்பாரக் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் குவார்ட்ஸ் கைக்கடிகாரம் மாதத்துக்குப் பதினைந்து இருபது விநாடிக்கு மேல் பிசகுவதில்லை. பல லட்சம் ரூபாய் விலையுள்ள சுவிஸ் சாவிக் கடிகாரமோ ஒரே நாளில் நாலைந்து விநாடி முந்தியோ பிந்தியோ போனாலும் நல்ல கடிகாரம் என்று பெயர் வாங்கிவிடும். அதில் தேதி இராது, கிழமை இராது, பல சமயம் விநாடி முள்கூட இராது. வெள்ளை டயல், இரண்டு முட்கள், ஒரு தோல் பட்டை, அவ்வளவுதான். பிறகு எதற்கு அந்த விலை?

தங்கத்துக்கு ஒரு பங்கு, கையால் மெருகிடும் வேலைக்கு ஒரு பங்கு, டயலில் உள்ள பெயருக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய பங்கு. இவை எல்லோருக்கும் தெரிந்தவை. தெரியாத பங்கு ஒன்று உண்டு, அது தடிமன். கோட்டுசூட்டோடு கட்டும் டிரெஸ் வாட்ச், சட்டையின் முன்கைப் பட்டிக்குள் தடையில்லாமல் நுழைய வேண்டும் என்பது பழைய மரபு. அந்தச் சிறு வசதிக்காகத் தொடங்கிய மெலிவுப் போட்டியில் ஜெனீவாவையும் ஜூரா மலைக் கிராமங்களையும் சேர்ந்த பட்டறைகள் நூறாண்டுகளுக்கு மேலாக ஒன்றையொன்று முந்தி வந்திருக்கின்றன. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைக் குறைப்பதற்குச் சில ஆண்டு உழைப்பு போயிருக்கிறது. அது ஏன் அத்தனை கடினம் என்பதற்கு விடை, உலோகம் வளையும் விதத்தில் இருக்கிறது.

நொடிக்கு ஆறு அசைவு

சாவிக் கடிகாரத்தின் வேலை மூன்று கட்டங்களில் நடக்கிறது. சாவி கொடுக்கும்போது நீண்ட எஃகு நாடா ஒன்று தட்டையான உருளைக்குள் இறுகச் சுற்றிக்கொள்கிறது. பழுதுபார்ப்பவர்கள் மெயின் ஸ்பிரிங் என்று சொல்லும் இதை இங்கே முறுக்குவில் என்று வைத்துக்கொள்ளலாம். அது அவிழ முயலும் விசையைப் பல்சக்கரங்கள் வரிசையாகக் கடத்துகின்றன. வரிசையின் கடைசியில் ஒரு வளையம் இடமும் வலமும் ஆடிக்கொண்டே இருக்கிறது; அது பேலன்ஸ் வீல், அதாவது சமனாழி. அதைத் திருப்பித் திருப்பி இழுப்பது தலைமுடியைவிட மெல்லிய ஒரு சுருள். மயிரிழைச் சுருள் என்ற பெயர் அதற்குப் பொருந்தும். 1675-இல் டச்சு அறிவியலாளர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் இதைக் கடிகாரத்துக்குள் கொண்டுவந்தார்.

சமனாழி ஒரு தடவை போய்த் திரும்பும்போது சக்கர வரிசையில் ஒரே ஒரு பல்லை மட்டும் நகரவிடும் உறுப்புக்கு விடுவிப்பி என்று பெயர். காதில் கேட்கும் டிக்-டிக் அதனுடையதுதான். பல கடிகாரங்களில் சமனாழியின் ஒருபக்க அசைவு மணிக்கு 21,600 தடவை, அதாவது நொடிக்கு ஆறு தடவை நடக்கும். ஒரு தடவை சாவி கொடுத்து 40 மணி நேரம் ஓடினால் மொத்தம் 8,64,000 அசைவுகள். நாளைக்கு ஐந்து விநாடி பிசகு என்பது ஏறத்தாழ பதினேழாயிரத்தில் ஒரு பங்குத் தவறுதான். வெறும் உலோகச் சுருளை நம்பி ஓடும் கருவிக்கு இது வியக்கத்தக்க துல்லியம். குவார்ட்ஸ் படிகமோ நொடிக்கு 32,768 தடவை அதிர்கிறது. துல்லியத்தில் அதனோடு மோதுவது வீண் என்பது 1970களிலேயே தெரிந்துவிட்டது. மோத முடிந்த களங்களில் ஒன்று தடிமன்.

அடுக்குக் கணக்கு

வழக்கமான டிரெஸ் வாட்ச் ஒன்றைப் பக்கவாட்டில் வெட்டிப் பார்த்தால் கீழிருந்து மேலாக இந்த வரிசை தெரியும். பின்மூடி, அதற்கு மேல் சிறு இடைவெளி. அடுத்து சக்கரங்களின் ஒரு முனையைத் தாங்கும் பாலங்கள், சக்கரங்கள், அவற்றின் மறுமுனையைத் தாங்கும் அடித்தகடு. அதன் மேல் டயல். டயலுக்கு மேல் மணி முள், நிமிட முள், அவை ஒன்றையொன்று உரசாமலிருக்க இடைவெளிகள். எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடி.

இவற்றில் பின்மூடி முதல் கண்ணாடி வரை எல்லாவற்றையும் சேர்த்து அளப்பது ஒரு கணக்கு. இயந்திரத்தை மட்டும் தனியே எடுத்து அளப்பது வேறு கணக்கு. விளம்பரங்கள் தமக்கு எது சாதகமோ அதைச் சொல்லும். 2 மி.மீ. என்ற எண் இரண்டு தலைமுறைகளிலும் பெருமையாகச் சொல்லப்பட்டது. 1957-இல் அது இயந்திரத்தின் தடிமன் மட்டும். 2018-இல் அது கண்ணாடியும் பின்மூடியும் சேர்ந்த முழுக் கடிகாரத்தின் தடிமன்.

பாதியாக்கினால் என்ன ஆகும்?

4 மி.மீ. தடிமனுள்ள இயந்திரம் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். அதன் உறுப்புகள் எல்லாவற்றையும் உயரத்தில் மட்டும் சரிபாதியாக்கி 2 மி.மீ.க்குக் கொண்டுவர வேண்டும். அகலம் மாறக் கூடாது.

முதலில் முறுக்குவில். நாடாவில் சேரும் ஆற்றல் அதன் உலோகத்தின் அளவைப் பொறுத்தது. நாடாவின் உயரம் பாதியானால் ஆற்றலும் பாதி. 40 மணி நேரம் ஓடியது, மற்றவை மாறாதிருந்தால், 20 மணி நேரத்தில் நின்றுவிடும். இழந்ததை மீட்க உருளையின் பரப்பை இரட்டிப்பாக்க வேண்டும். 10 மி.மீ. விட்டமுள்ள உருளை 14 மி.மீ. ஆகும்.

அடுத்து சமனாழி. அதன் விளிம்பின் உயரம் பாதியானால் எடை பாதி; ஆட்டத்தை மாற்ற முயலும் விசைகளை எதிர்க்கும் சடத்துவமும் பாதி. கையை வீசும்போது வரும் குலுக்கல் குறையவில்லை, அதைத் தாங்கும் திறன் மட்டும் குறைந்துவிட்டது. நேரம் பிசகத் தொடங்கும். இதற்கும் மருந்து அகலம்தான், ஆனால் இங்கே கணக்கு கொஞ்சம் கருணை காட்டுகிறது. விளிம்பு மையத்திலிருந்து விலக விலக, அதன் சடத்துவம் தூரத்தின் முப்படியில் கூடும். எனவே 8 மி.மீ. சமனாழியை 10 மி.மீ. ஆக்கினாலே இழந்தது கிட்டத்தட்ட முழுவதும் திரும்பிவிடும்.

கடைசியில் அடித்தகடு. உண்மையான வில்லன் இதுதான். பிளாஸ்டிக் ஸ்கேலைப் படுக்கை வாட்டத்தில் பிடித்தால் விரலால் வளைக்கலாம். அதையே செங்குத்தாகத் திருப்பிப் பிடித்தால் அசையாது. தகட்டின் விறைப்பு தடிமனின் முப்படியில் மாறுவதே காரணம். தடிமன் பாதியானால் விறைப்பு எட்டில் ஒரு பங்கு. உள்ளே இயங்கும் விசைகளும் பாதியாகிவிட்டன என்று தள்ளுபடி கொடுத்தாலும், தகடு முன்பைவிட நான்கு மடங்கு அதிகமாக வளையும். பட்டையை இறுக்கும்போது மணிக்கட்டு தரும் அழுத்தத்துக்கு அந்தத் தள்ளுபடியும் இல்லை.

தகடு வளைந்தால் அச்சுகள் சாயும், பற்கள் ஒன்றோடொன்று இறுகும். இறுகினால் உராய்வு. உராய்வைச் சமாளிக்கும் ஆற்றலோ ஏற்கெனவே பாதியாகியிருக்கிறது. இதோடு தயாரிப்புத் துல்லியத்தின் சிக்கலும் சேர்கிறது. இரு சக்கரங்களுக்கு நடுவே 0.1 மி.மீ. இடைவெளி இருக்கும்போது 0.01 மி.மீ. தவறு பத்து சதவீதம். இடைவெளி பாதியானால் அதே தவறு இருபது சதவீதம். ஆகவே எல்லாவற்றையும் தேய்த்து மெலிவாக்கும் வழி வெகுதூரம் செல்லாது. மெலிவின் வரலாற்றில் பெரிய தாவல்கள் எல்லாம் ஓர் அடுக்கையே ஒழித்துக்கட்டியதால் வந்தவை.

ஒழிந்துபோன முதல் அடுக்கு

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை சட்டைப்பைக் கடிகாரம் உருண்டையாக இருந்தது. இரண்டு முழுத் தகடுகளைத் தூண்களால் இணைத்து, நடுவே சக்கரங்களைப் பூட்டினார்கள். சமனாழி மேல்தகட்டுக்கும் மேலே உட்கார்ந்தது. பழைய விடுவிப்பியின் பல்சக்கரம் ஒன்று தகட்டுக்குச் செங்குத்தாக நின்றது. அது நிற்கும் வரை தடிமன் குறைய வழியே இல்லை.

1760களில் பாரிஸ் கடிகாரக்காரர் ழான்-அந்துவான் லெபீன் மேல்தகட்டை எடுத்துவிட்டு, ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனிப் பாலம் போட்டார். நின்ற சக்கரத்துக்குப் பதில் படுத்த சக்கரம் கொண்ட விடுவிப்பியைக் கையாண்டார். சமனாழி கீழே இறங்கி மற்ற சக்கரங்களுக்குப் பக்கத்தில் அமர்ந்தது. இன்றைய சாவிக் கடிகாரங்களின் அமைப்பு அடிப்படையில் இதுதான்.

அடுத்த பெரிய அடி ஒரு சவாலில் பிறந்தது. 1903-இல் பாரிஸில் தொழில் நடத்திய எட்மண்ட் ஜேகர், தாம் வரைந்த மிக மெல்லிய இயந்திரங்களைச் செய்ய முடியுமா என்று சுவிஸ் பட்டறைகளைக் கேட்டார். ஜூ பள்ளத்தாக்கின் ஜாக்-டேவிட் லெகூல்ட்ர் சவாலை ஏற்றார். 1907-இல் அந்தப் பட்டறையிலிருந்து 1.38 மி.மீ. தடிமனில் சட்டைப்பைக் கடிகார இயந்திரம் வெளிவந்தது. கணினியும் லேசரும் இல்லாத காலத்தில் கைத்திறனால் எட்டிய இந்த எண்ணைப் பார்த்தால் இன்றைய சாதனை அறிவிப்புகள் சில கொஞ்சம் சத்தம் அதிகமாகத் தோன்றும். இரு குடும்பங்களின் பெயரும் 1937-இல் ஜேகர்-லெகூல்ட்ர் என்ற ஒரே பெயராக இணைந்தது.

கைக்கடிகாரத்தில் இதே மெலிவைக் கொண்டுவருவது வேறு ஆட்டம். விட்டம் பாதியாகக் குறைந்துவிடுகிறது, முன்பு சொன்ன 'அகலப்படுத்தும்' மருந்துக்கு இடமில்லை. 1950களின் நடுவே ஓடெமார் பிகே, வாஷ்ரோன் கான்ஸ்டான்டின் என்ற சுவிஸ் நிறுவனங்கள் 1.64 மி.மீ. இயந்திரத்தைக் கைக்கடிகாரத்தில் வைத்தன. லா கோத்-ஓ-ஃபே என்ற மலைக் கிராமத்தின் பியாஜே 1957-இல் 2 மி.மீ. தடிமனுள்ள 9பி இயந்திரத்தைக் காட்டியது. பெயரிலுள்ள 9 பழைய பிரெஞ்சு அளவான லீன்யில் அதன் விட்டம், ஏறத்தாழ 20.3 மி.மீ. அடுத்தவர்கள் ஒரு சாதனைக்கும் இன்னொன்றுக்கும் நடுவே தடுமாறிக்கொண்டிருந்தபோது, 9பி பெரும் எண்ணிக்கையில் விற்பனைக்குப் போய் ஒழுங்காக ஓடியது. இந்த வரலாற்றில் அதற்குத் தனி மதிப்பு அதனால்தான்.

போட்டியாளர்கள் பங்கிட்ட இயந்திரம்

தானாகச் சாவி ஏறும் கடிகாரத்தில் கூடுதலாக ஓர் அடுக்கு வந்துவிடும். கை அசையும்போது சுழலும் அரைவட்ட எடை, அதாவது ரோட்டார், இயந்திரத்தின் முதுகில் ஏறி உட்கார்கிறது. அதை எங்கே ஒளிப்பது என்பதற்கு இரண்டு விடைகள் கிடைத்தன.

ஒன்று, ரோட்டாரைச் சிறிதாக்கி மற்ற சக்கரங்களின் மட்டத்திலேயே ஓரமாகப் புதைப்பது. சிறிதானால் எடை போதாது. ஆகவே அடர்த்தியான உலோகம் வேண்டும். பித்தளையின் அடர்த்தி தண்ணீரைப் போல எட்டரை மடங்கு, தூய தங்கத்தின் அடர்த்தி பத்தொன்பது மடங்கு. பியாஜே 1960-இல் 2.3 மி.மீ. தடிமனில் கொண்டுவந்த 12பி இயந்திரத்தின் குட்டி ரோட்டார் தங்கத்தில் செய்யப்பட்டது இதற்காகத்தான். பத்தேக் ஃபிலிப் 1977-இல் கொண்டுவந்த 240 இயந்திரமும் இதே வழியில் போனது. அது இன்றும் உற்பத்தியில் இருக்கிறது.

இரண்டாவது விடை இன்னும் தைரியமானது. 1967-இல் ஜேகர்-லெகூல்ட்ர் உருவாக்கிய 920 இயந்திரத்தில் ரோட்டார் முழு அளவில் நடுவில்தான் சுழல்கிறது. ஆனால் மெல்லிய ரோட்டார் நடுவச்சை மட்டும் நம்பிச் சுழன்றால் விளிம்பு தொங்கி, கீழேயுள்ள பாலங்களை உரசும். எனவே விளிம்பில் வட்டமான தண்டவாளம் ஒன்றைப் பொருத்தி, அது நான்கு மாணிக்க உருளைகள்மேல் ஓடும்படி செய்தார்கள். விறைப்புக்காகத் தடிமன் கூட்டுவதற்குப் பதில் தாங்கும் இடங்களைக் கூட்டிய தந்திரம் இது. மொத்தத் தடிமன் 2.45 மி.மீ.

இந்த இயந்திரத்தைத் தன் பெயரிட்ட கடிகாரம் எதிலும் ஜேகர்-லெகூல்ட்ர் வைத்ததில்லை. வாங்கியவர்கள் ஓடெமார் பிகே, வாஷ்ரோன் கான்ஸ்டான்டின், பத்தேக் ஃபிலிப் என்ற மூவர். ஒருவரையொருவர் முந்தத் துடித்த மூன்று பெயர்களும் ஒரே பள்ளத்தாக்கின் ஒரே இயந்திரத்துக்குத் தனித்தனி எண் கொடுத்து, தத்தம் பாணியில் மெருகிட்டு விற்றன. தேதிச் சக்கரம் சேர்ந்து 3 மி.மீ.க்குச் சற்று மேலான அதன் வடிவம்தான் ஓடெமார் பிகேயின் 1972 ராயல் ஓக்கிலும் பத்தேக் ஃபிலிப்பின் 1976 நாட்டிலஸிலும் ஓடியது. சுவிஸ் போட்டி என்பது பெரும்பாலும் டயலுக்கு மேல் நடந்தது. டயலுக்குக் கீழே கூட்டுக் குடும்பம்தான்.

ஒருமுனைத் தாங்கலின் விலை

1976-இல் ஜான் லசால் என்ற பெயரில் வந்த இயந்திரம் பாலங்களையே ஒழித்தது. சக்கரங்கள் மறுமுனையில் எந்தத் தாங்கலும் இன்றி, அடிப்பக்கத்தில் மட்டும் நுண்ணிய பந்துத் தாங்கிகளில் நின்றன. ஓர் அடுக்கு முழுவதும் மறைந்து தடிமன் 1.2 மி.மீ. ஆனது. காகிதத்தில் இது வெற்றி. நடைமுறையில் கூடு சற்று வளைந்தாலும் இயந்திரம் பாதிக்கப்பட்டது. பிரித்துச் சரிசெய்வது அவ்வளவு சிக்கலாக இருந்ததால் பழுதானதற்குப் பதில் புதிதாக ஒன்றை மாற்றிக் கொடுப்பதே வழக்கமானது. அடுக்கை ஒழிப்பது சரி, ஆனால் அந்த அடுக்கு தந்த விறைப்பை வேறெங்கிருந்தாவது கொண்டுவராமல் ஒழிப்பது ஆகாது.

பின்மூடியே அடித்தகடு

அந்த விறைப்பு எங்கே கிடைக்கும் என்பதற்கான விடை குவார்ட்ஸ் உலகிலிருந்து வந்தது. 1970களின் கடைசியில் மெல்லிய குவார்ட்ஸ் கடிகாரத்தில் ஜப்பானியர் முந்தியபோது, சுவிஸ் பொறியாளர்கள் 1979 ஜனவரியில் டிலீரியம் என்ற 1.98 மி.மீ. கடிகாரத்தை இறக்கினார்கள். அதில் தனி அடித்தகடு இல்லை. பின்மூடியின் உட்புறத்தையே குடைந்து உறுப்புகளைப் பொருத்தினார்கள். இரண்டு பலவீனமான தகடுகளுக்குப் பதில் ஒரே தகடு. முப்படி விதி இப்போது இவர்கள் பக்கம். பின்னர் ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே போன டிலீரியம் கையில் கட்டும்போதே வளையும் நிலைக்கு வந்தது வேறு கதை. இதே ஒருங்கிணைப்பு யோசனை 1983-இல் 51 உறுப்புகளே கொண்ட பிளாஸ்டிக் ஸ்வாட்சாக மறுபிறவி எடுத்தது. தங்கக் கடிகாரத்தை மெலிவாக்கப் பிறந்த யோசனை உலகின் மலிவான சுவிஸ் கடிகாரத்தைச் செய்யப் பயன்பட்டது.

மெல்லிய குவார்ட்ஸ் கதையில் தமிழ்நாட்டுக்கும் பக்கம் உண்டு. ஓசூர் டைட்டன் ஆலையில் உருவாகி 2002-இல் வெளிவந்த எட்ஜ் கடிகாரத்தின் மொத்தத் தடிமன் 3.5 மி.மீ., அதன் இயந்திரம் 1.15 மி.மீ. மெல்லிய கூட்டைத் தண்ணீர் புகாமல் அடைப்பதுதான் அதில் கடினமான பகுதி.

சாவிக் கடிகாரத்தில் பின்மூடி-அடித்தகடு யோசனையைப் பியாஜே 2014-இல் கொண்டுவந்தது. 900பி எண்ணுள்ள அந்த ஆல்டிபிளானோ கடிகாரத்தின் மொத்தத் தடிமன் 3.65 மி.மீ. சக்கரங்கள் டயல் பக்கமே தெரியும்படி இயந்திரம் தலைகீழானது. முட்கள் பாலங்களின் மட்டத்துக்குக் கீழே போயின. இதில் ஒரு நுட்பம் உண்டு. கண்ணாடி அழுந்தினால் வழக்கமான கடிகாரத்தில் அது முட்களைத் தொட்டு ஓட்டத்தை நிறுத்திவிடும். இங்கே முட்கள் பள்ளத்தில் பத்திரமாக இருக்கின்றன.

நான்காண்டு கழித்து அதே நிறுவனம் முழுக் கடிகாரத்தையும் 2 மி.மீ.க்குள் அடக்கி மாதிரியாகக் காட்டியது. சக்கரங்கள் 0.20 மி.மீ.யிலிருந்து 0.12 மி.மீ. ஆயின. வழக்கமாக ஒரு மி.மீ. இருக்கும் கண்ணாடி 0.2 மி.மீ. ஆனது; முப்படி விதிப்படி அதன் விறைப்பு 125-இல் ஒரு பங்கு. தங்கக் கூடு இந்தத் தடிமனில் வளைந்துவிடும் என்பதால் கோபால்ட் கலவைக்குப் போனார்கள். விரலால் பிடித்துத் திருகும் உருண்டைச் சாவிக்குக்கூட இடமில்லை; கூட்டோடு மட்டமாக அமையும் தட்டையான சாவி வந்தது. 2020-இல் இது விற்பனைக்கு வந்து, ஜெனீவா கடிகாரப் பரிசுகளில் உச்சப் பரிசான தங்க முள்ளைப் பெற்றது.

அதற்கும் கீழே

2022-இல் வேகம் கூடியது. மார்ச்சில் புல்காரி 1.80 மி.மீ. தடிமனில் ஆக்டோ ஃபினிசிமோ அல்ட்ராவை வெளியிட்டது. அதன் அடித்தகடாகிய பின்மூடி டங்ஸ்டன் கார்பைடு, அதாவது கல் துளைக்கும் கருவிகளில் பயன்படும் கடினப் பொருள். விலை நான்கு லட்சம் யூரோ, எண்ணிக்கை பத்தே பத்து. நான்கு மாதத்தில் ரிஷார் மில் ஃபெராரியுடன் சேர்ந்து 1.75 மி.மீ. கடிகாரத்தைக் காட்டியது, விலை சுமார் 18.9 லட்சம் டாலர். இவர்கள் பின்மூடி யோசனையை ஏற்காமல், 1.18 மி.மீ. இயந்திரத்தைத் தனியே செய்து டைட்டானியக் கூட்டுக்குள் வைத்தார்கள். புல்காரி 2024-இல் 1.70-க்கு இறங்கியது, அதுவும் சுவிஸ் துல்லியச் சான்றிதழோடு. அதே ஆண்டு ஆகஸ்டில் மாஸ்கோவின் கான்ஸ்டான்டின் சாய்கின் 1.65 மி.மீ. மாதிரியைக் கொண்டுவந்தார். சமனாழியும் மயிரிழைச் சுருளும் ஒரே அச்சில் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது ஹைகன்ஸ் காலத்து ஏற்பாடு; சாய்கின் அவற்றைப் பிரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பற்களால் இணைத்தார். பொறியியலில் இந்தக் கடைசிச் சுற்றின் உண்மையான புதுமை இதுவே.

இவை எல்லாம் 40 மி.மீ. அளவில் விரிந்த கடிகாரங்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். 9பி-யோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ நான்கு மடங்கு பரப்பு. மெலிவை அகலம் கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். இவற்றின் முகத்தில் வெள்ளை டயலும் இல்லை, அமைதியும் இல்லை. டிரெஸ் வாட்ச் என்று இவற்றை அழைப்பது கடினம். ஆய்வுக்கூட மாதிரிகள் என்று எடுத்துக்கொண்டால் மதிப்புக் குறையாது.

அன்றாடம் கட்டும் கடிகாரங்களில் மெலிவு வேறு திசையில் நின்றுவிட்டது. இயந்திரம் 2 முதல் 3 மி.மீ. வரை இருந்தால் விறைப்பு, ஆற்றல், பழுதுபார்க்கும் வசதி மூன்றும் கைகூடுகின்றன என்பதை 1957-க்கும் 1977-க்கும் இடையே வந்த இயந்திரங்களே காட்டிவிட்டன. 2022-இல் ஓடெமார் பிகே, ராயல் ஓக்கில் ஐம்பதாண்டு ஓடிய 3.05 மி.மீ. இயந்திரத்துக்கு ஓய்வு கொடுத்துப் புதியதை வைத்தது. புதியதன் தடிமன் 3.2 மி.மீ., பழையதைவிடச் சற்று அதிகம். பதிலுக்கு ஓடும் நேரம் 40 மணியிலிருந்து 55 மணி ஆனது. சமனாழியின் ஆட்டம் மணிக்கு 19,800-இலிருந்து 28,800-க்கு உயர்ந்தது. கூட்டின் தடிமன் அதே 8.1 மி.மீ.